நரம்புன்னுதானே சொன்னீங்க

தமிழில் நரம்பு என்ற சொல்லைப் போல எதற்கும் வளைந்து கொடுக்கிற சொல் வேறு இல்லை. மூளையிலிருந்து கிளம்பி உடம்பெல்லாம் ஓடுவதும் நரம்பு. ஊசி போடும்போது அகப்படாமல் நழுவுகிறதே, அதுவும் நரம்பு. கோபம் வந்தால் கழுத்தில் புடைப்பது நரம்பு, மணிக்கட்டில் துடிப்பது நரம்பு, லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் தளர்ந்துபோய்விட்டது என்று சொல்லி ஆண்களைப் பயமுறுத்துவதும் அதே நரம்புதான். மருத்துவப் புத்தகத்தில் மூன்று தனித்தனிப் பெயரோடு இருக்கிற மூன்று தனித்தனிச் சமாச்சாரங்களை நம் ஜனங்கள் ஒரே பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்துவிடாது என்றுதான் ரூத் பதினாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரூத் செங்கல்பட்டில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. நான்கு வருஷமாக அவளுக்கு வெளி வேலை. நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து வடக்கே நெம்மேலி, தெற்கே கல்பாக்கம் என்று கடலோரம் முழுக்கச் சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்புவாள்.

கட்டுப் போடுவதில் அவளுக்கு இருந்த பெருமையைவிடப் பேசுவதில் இருந்த பெருமை பெரிது. ஆஸ்பத்திரிக்கு வருகிற ரத்தக்குழாய் டாக்டர் ஹரிகிருஷ்ணனுக்குத் தமிழ்ப் பற்று அதிகம். நோயாளியை உட்காரவைத்து, “உங்கள் தமனியில் அடைப்பு இருக்கிறது” என்று ஆரம்பிப்பார். நோயாளி ஏதோ வெளியூர் பேரைக் கேட்ட மாதிரி முழிப்பார். வெளியே வந்ததும் ரூத்தைத் தேடிப் பிடித்து, இன்னா சொன்னாரு சிஸ்டர் என்று கேட்பார்கள். ரூத் ஒரே வரியில் சொல்லிவிடுவாள். கால் நரம்பு அடைச்சுகிச்சு, அவ்ளோதான். கேட்டவர் முகம் தெளிந்துவிடும். நம்ம ஜனங்களுக்கு நம்ம பாஷையில் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி. அதில் தப்பில்லை. தப்பு எங்கே இருந்தது என்றால், அவளுக்கு அந்தக் கட்சியின்மேல் ஒரு கர்வம் வந்துவிட்டிருந்தது.

சின்னராசு அவளிடம் வந்தது புரட்டாசியில். ஐம்பத்து நான்கு வயது, தண்ணீர் லாரி டிரைவர். மாமல்லபுரத்திலிருந்து கோவளம் வரைக்கும் கடற்கரை ரிசார்ட்டுகளுக்குத் தண்ணீர் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. முதலில் லாரியை நிறுத்திவிட்டு டீக்கடைக்கு நடப்பதற்குள் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு இடத்தில் நின்று நின்று போனார். கிளட்ச் மிதிக்கிற கால், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். அப்புறம் படுத்தாலும் வலித்தது. கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. ஸ்கேன் எடுத்தபோது தொடையிலிருந்து இறங்குகிற பெரிய குழாயே அடைத்திருந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்து அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு வேறு வழி போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லித் தேதியும் வாங்கிக் கொடுத்தார். தேதி இருபத்திரண்டு நாள் கழித்து. அதுவரைக்கும் அந்தக் கால் தாக்குப்பிடிக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் ரூத்தின் பொறுப்பு.

பூஞ்சேரி தாண்டிக் காலனியில் வீடு. இரண்டு ரூம், ஷீட் போட்ட முன்பக்கம். சின்னராசு கட்டில் விளிம்பில், இடது காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பூங்கொடி கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இரண்டு வீட்டில் சமைக்கிறவள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி. மாத்திரைச் சீட்டுகளைக் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று டப்பாவில் பிரித்து வைத்திருந்தாள். எதைச் சொன்னாலும் உதட்டசைத்து ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி என்று ரூத்துக்குச் சந்தோஷமாக இருந்தது.

ரூத் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினாள். இல்லை. கணுக்காலுக்குப் பின்னால் தேடினாள். அங்கேயும் இல்லை. பாதம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது. புண்ணைக் கழுவி, காயவைத்து, லேசாகக் கட்டினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். கால் நரம்புல அடைப்பு, ரத்த ஓட்டம் சரியில்ல. சில்லுன்னு இருக்கேன்னு வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, வெந்துபோனாக்கூட அவருக்குத் தெரியாது. எண்ணெய் போட்டு உருவக் கூடாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது. விரல் சந்தில் ஈரம் நிற்கக் கூடாது. பீடி ஆகவே ஆகாது. குளிர்ந்தால் சாக்ஸ் போட்டுவிடுங்க. பூங்கொடியின் உதடுகள் கூடவே அசைந்தன.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இந்த நோய்க்காரர்கள் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவார்கள். அது கெட்ட பழக்கம் இல்லை. மேலிருந்து தள்ள ஆள் இல்லாத ரத்தம் அந்தச் சரிவில்தான் கொஞ்சமாவது இறங்கும். காலைத் தூக்கி மட்டும் வைக்கக் கூடாது. இதை ரூத் எல்லா வீட்டிலும் சொல்வாள். அன்றைக்கு வாயெடுத்தபோது நெம்மேலியிலிருந்து போன் வந்தது, ஒரு கிழவருக்குக் கட்டையும் மீறி ரத்தம் கசிகிறது என்று. நாலு நாளில் மறுபடி வரத்தானே போகிறோம், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள்.

நாலாம் நாள் அவள் வரவில்லை. மதுராந்தகத்தில் பத்து நாள் முகாம் என்று ஆஸ்பத்திரியில் அவளை அங்கே அனுப்பிவிட்டார்கள். பூங்கொடிக்குப் போன் செய்து, புண்ணை அவளே கட்டிவிடும்படியும் ஏதாவது என்றால் கூப்பிடும்படியும் சொன்னாள். மறுநாள் மத்தியானம் பூங்கொடி கூப்பிட்டாள். முகாமில் ரத்த அழுத்தம் பார்க்க நூறு பேர் வரிசையில் நின்று ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ரூத் பேசினாள்.

“சிஸ்டர், காலு கொஞ்சம் வீங்கிக்கினு கீது. நரம்புக்குப் போடற சாக்ஸு ஒண்ணு கெடைச்சிது. போட்டு வுடட்டா?”

ரூத்தின் காதில் சாக்ஸ் விழுந்தது. தான் சொன்ன பருத்தி சாக்ஸ்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

“போடுங்கக்கா, அதான் சொல்லிட்டு வந்தேனே.”

அந்த சாக்ஸ் எங்கிருந்து வந்தது என்பது ரூத்துக்குப் பிற்பாடு, அதைக் கொடுத்தவளே சொல்லித்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு ராஜம் ஒரு துணிக்கடையில் இருபது வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவள். அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏறாமல் தேங்குகிற வியாதி. டாக்டர் அவளுக்குத் தொடை வரை இழுத்துப் போடுகிற இறுக்கமான ரப்பர் சாக்ஸ் கொடுத்து, படுக்கும்போது இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைக்கச் சொல்லியிருந்தார். சின்னராசுவுக்கு என்ன என்று விசாரித்தவளிடம் பூங்கொடி, நரம்பு, ரத்த ஓட்டம் சரியில்ல என்று சொன்னாள். எனக்கும் அதேதான் சொன்னாங்க என்றாள் ராஜம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏறாத ரத்தமும் இறங்காத ரத்தமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்று அந்த இரண்டு பெண்களுக்கு யார் சொன்னார்கள்?

ராஜம் தன்னிடம் மாற்றுக்கு இருந்த சாக்ஸைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தாள். அவ்வளவு நல்ல மனசு. இரண்டு பேருமாகப் பவுடர் தடவி, கட்டுக்கு மேலேயே இழுத்து ஏற்றினார்கள். சின்னராசு கத்தினார். முதலில் அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது என்று ராஜம் சமாதானம் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு தலையணை. அவர் ராத்திரியெல்லாம் காலைக் கீழே இழுத்துக்கொண்டார், பூங்கொடி திரும்பத் திரும்பத் தூக்கி வைத்தாள். கீழ வுடு, கீழ வுடு என்று கெஞ்சினார். சிஸ்டரே போடச் சொன்னதைத் தான் எப்படிக் கழற்றுவது என்று அவள் அழுதாள். கடைசியில் ஒரு பழைய புடவையால் காலைத் தலையணையோடு சேர்த்துக் கட்டினாள். ஒன்பது நாள். பத்தாம் நாள் அவர் கத்துவதை நிறுத்தினார். வைத்தியம் பிடித்துவிட்டது என்று பூங்கொடி பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

பதினோராம் நாள் நாற்றம் தாங்காமல் ஆட்டோ வைத்துக் கொண்டுவந்தார்கள். ரூத் முகாம் முடிந்து அன்று காலைதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். டாக்டர் ஹரிகிருஷ்ணன் வேட்டியை விலக்கிப் பார்த்தார். கத்திரி வாங்கித் தொடையிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார். சாக்ஸுக்குள்ளிருந்து வந்த கால், கணுக்காலுக்குக் கீழே கருகின வாழைப்பழ நிறத்தில் இருந்தது. சின்னராசு அதை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். வலிக்கவில்லை என்றார்.

இதைப் போடச் சொன்னது யார் என்று டாக்டர் பூங்கொடியைக் கேட்டார். செந்தமிழ் எல்லாம் பறந்துவிட்டது. படிக்காதவங்கன்னா இப்படியா, ஆளைக் கொல்லப் பார்த்தியா என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கத்திரித் தட்டை ஏந்திக்கொண்டு ரூத் பக்கத்தில் நின்றாள். போனில் கேட்ட கேள்வி ஒவ்வொரு சொல்லாக அவளுக்கு அப்போது திரும்பக் கேட்டது. நரம்புக்குப் போடற சாக்ஸு. பூங்கொடி நிமிர்ந்து ரூத்தைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வையாக இருந்திருந்தால் ரூத் அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பாள். அது பரீட்சையில் தப்பாக எழுதிவிட்ட பிள்ளை டீச்சரைப் பார்க்கிற பார்வையாக இருந்தது.

“யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் போட்டேன். ரொம்ப டைட்டா போட்டுட்டேன் போலக்குது.”

சிஸ்டர் சொன்னது தப்பாக இருக்காது, தன் கைதான் தப்பு என்று அவள் நிஜமாகவே நம்பினாள். ரூத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அன்று மாலையே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் மேட்ரன் அமிர்தவல்லி கூப்பிட்டு, வீட்டுப் பராமரிப்பில் இருந்த நோயாளிக்கு இப்படி ஆனதற்கு ஒரு அறிக்கை வேண்டும் என்றாள். ரூத் எழுதினாள்: ‘உறவினர் தாமாகவே இறுக்கமான காலுறையை அணிவித்துள்ளனர்.’ பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் செந்தமிழில் எழுதியது அந்த ஒரு வரிதான். மேட்ரன் படித்துவிட்டு, நீ என்ன பண்ணுவே பாவம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரோடும் சேர்ந்து வாய் அசைத்தாள், சத்தம் வரவில்லை.

சின்னராசு மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டினால்கூடத் தேவலை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த பையனிடம் கேட்டார். பூங்கொடி ஊட்ட வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சமைக்கிற இரண்டு வீட்டிலும் விஷயம் பரவி, ஒரு வீட்டில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்கள் பூங்கொடியின் காது கேட்கும்படியே, புருஷன் காலைக் கட்டிப் போட்டாளாமே என்று பேசினார்கள். ராஜத்தின் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரூத்தின் பெயரையும் சொல்லவில்லை. ரூத் தினமும் வந்து கட்டை மாற்றினாள். தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வருவாள். வேலை போய்விடும், போனால் போகட்டும் என்று தோன்றும். இனி இந்தக் கடலோரத்தில் எந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று தோன்றும். கட்டுப் போட்டு முடித்துப் போய்விடுவாள். இப்படிப் பதினோரு நாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் ரூத்தைக் கூப்பிட்டு, வலது காலிலும் குழாய் சுருங்க ஆரம்பித்திருக்கிறது, அதையாவது காப்பாற்ற வேண்டும், அந்த அம்மாவுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பு என்றார். ரூத் போய்க் கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பூங்கொடி துணிகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். எங்க நாத்தனாரு மதுராந்தகத்துலேர்ந்து வராங்க, அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. என் கை இனிமே அவர் மேல படக் கூடாது.”

நாத்தனாருக்கு அறுபத்தைந்து வயது, கண்புரை. விரல் சந்தில் ஈரம் இருக்கிறதா என்று அவளால் பார்க்கவே முடியாது. இந்தப் பூங்கொடி ஒதுங்கிக்கொண்டால் வலது காலும் போய்விடும் என்பது ரூத்துக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. மூன்று டப்பாவில் மாத்திரை பிரித்து வைக்கிற கை அது. அதைத் தன் திறக்காத வாயால் முடமாக்கி வைத்திருப்பது தான்தான்.

“அக்கா, நீங்க டைட்டா போட்டதால கால் போவல. லூசா இருந்தாலும் அதைப் போட்டிருக்கவே கூடாது. அது வேற வியாதிக்காரங்க போடறது. ரெண்டுக்கும் நரம்புன்னு ஒரே பேரைச் சொன்னது நான். நீங்க போன்ல கேட்டீங்க, சரியாக் காதுல வாங்காம போடுங்கன்னு சொன்னதும் நான். டாக்டர் கத்துனப்போ பக்கத்துல நின்னுகிட்டு வாயை மூடிகிட்டு இருந்தேன். நீங்களாப் போட்டதா எழுதியும் குடுத்துட்டேன்.”

பூங்கொடியின் கையில் ஒரு துண்டு பாதி மடிப்பில் நின்றது.

“நரம்புன்னுதானே சொன்னீங்க” என்றாள். குறை சொல்லவில்லை. சரிபார்த்துக்கொள்கிறவள் மாதிரி கேட்டாள்.

“ஆமாக்கா. அது தப்பு. மேட்ரன்கிட்டயும் டாக்டர்கிட்டயும் இப்பவே போய்ச் சொல்லப் போறேன்.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த சின்னராசு மெல்ல இந்தப் பக்கம் புரண்டார். அவ்வளவு நாளில் அவர் ரூத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“பதினோரு நாளு சிஸ்டர். இவ மூஞ்சியக்கூட நான் பாக்கல. தெனமும் வந்து கட்டுப் போட்டுகினுதானே இருந்தீங்க?”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல ரூத் வாயெடுத்தாள். அதைச் சொன்னால் தன் பாரம்தான் இறங்கும், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று விழுங்கிக்கொண்டாள். இனிமேலாவது பூங்கொடி நிமிர்ந்து உட்காருவாள், எல்லாப் பழியும் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தாள்.

பூங்கொடி நிமிரவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு எதையோ கணக்குப் போடுகிறவள்போல உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ காலைத் தூக்கி வெச்சது?”

கேள்வி எங்கே போகிறது என்று ரூத்துக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லிவிடலாம். இந்த ஒரு பொய்யை ஆண்டவர்கூட மன்னித்துவிடுவார். ஆனால் வலது கால் இருக்கிறது. வலது கால் வலிக்கிற அன்று இவள்தான் கூட இருக்கப் போகிறாள், அன்றைக்கு இவளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

“தூக்கி வைக்கக் கூடாதுக்கா. ரத்தக் குழாய் அடைச்சவங்களுக்குக் கீழ தொங்க விட்டாத்தான் ரத்தம் கொஞ்சம் இறங்கும்.”

“கீழ வுட்டிருந்தா வலி கொறைஞ்சிருக்குமா?”

“குறைஞ்சிருக்கும்.”

பூங்கொடி புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கேட்டாரு சிஸ்டர். அதைத்தான் கேட்டாரு. ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டு, கீழ வுடு கீழ வுடுன்னு ஒம்போது நாளு கேட்டாரு.”